ஐந்தரை மணிக்கு ரோட்டைத் தாண்டுகிறவர்கள்

ஜூலை 1, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினாறு வருடமாக இந்தப் பனியன் கம்பெனியில் மேனேஜர் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டதை எழுதிக் கொடுத்தேன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கேலி செய்தபோது கூடவே சிரித்தேன். இனிமேல் நடப்பதை நடந்தபடி இங்கே எழுதி வைக்கப்போகிறேன்.

இன்று காலை நடந்தது இது. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியிருக்கிறது. அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார் முதலாளி சென்னியப்பன். கூடவே இன்னொரு தாள். இன்று முதல் அரை ஷிப்ட் கிடையாது.

திருப்பூரில் யாரும் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்பதில்லை, எத்தனை ஷிப்ட் என்றுதான் கேட்பார்கள். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அந்த அரையில்தான் ஓடுகின்றன. சட்டப்படி அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும். இங்கே ஒருநாளும் தந்ததில்லை. இப்போது கூலியும் ஏறிவிட்டது, எங்களிடம் துணி வாங்குகிறவர்களின் ஆட்களும் அடிக்கடி வந்து வேலை நேரத்தைச் சோதிக்கிறார்கள். அதனால் அரையை அப்படியே வெட்டிவிட்டார்.

"வாத்தியாரே, நீங்களே படிச்சுக் காட்டுங்க. எம்.ஏ. படிச்சவரு சொன்னாத்தான் நம்புவாங்க," என்றார், எல்லோர் முன்னாலும். நான் ஒரு காலத்தில் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்ததை அவர் மறக்கவிடுவதில்லை. மெஷின் வரிசை முழுவதும் சிரித்தது. படித்தேன்.

பவர்டேபிள் மெஷினில் தைக்கும் ருக்குமணி மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். "சார், கூலி ஏறுதுங்கறீங்க, நேரம் கொறையுதுங்கறீங்க. கடைசில எம்பட கைக்கு என்ன வருமுங்க?"

பழையபடிதான், கொஞ்சம் குறையலாம் என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க இத்தன சத்தமாப் படிச்சீங்க?"

இப்போது சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய மச்சான் நாச்சிமுத்துவும் இருந்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பெனி அவருடையது. அங்கேயும் அரை ஷிப்ட்டை வெட்டிவிட்டார்களாம். ஆனால் ஆர்டர் குறையவில்லை. மாலையானால் மெஷின்கள் சும்மா நிற்கின்றன, கெடு நெருங்குகிறது. இருவர் முகத்திலும் தூக்கமில்லை.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். ஒரு ஆளு பகல்ல எங்கிட்டச் செஞ்சுட்டு, பொழுதோட மச்சான் கம்பெனில மூணு மணி நேரம் செய்யுது. அப்ப ஓவர்டைம் யாரு குடுக்கோணும்?"

தன்னிடம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கியவர்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

"அப்ப ரெண்டு பேருமே வேண்டியதில்லை?"

அப்படிக் கணக்குப் போட்டால் இல்லை என்றேன். சட்டத்தில் அதற்கு அடுத்த பிரிவைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம்.

நாச்சிமுத்து என் தோளில் தட்டினார். டீ வரவழைத்தார்கள். அந்த அறையில் நான் உட்கார்ந்து குடித்த முதல் டீ இதுதான். நன்றாகவே இருந்தது.

ஜூலை 4, வியாழன்

இப்படி ஒரு காட்சியைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. எங்கள் ஆட்கள் வெளியே வந்தார்கள். அதே நேரம் எதிர்க் கம்பெனி ஆட்களும் வந்தார்கள். நடு ரோட்டில் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தாண்டின. எங்களவர்கள் அங்கே போனார்கள், அங்கிருந்தவர்கள் இங்கே வந்தார்கள். டவுன் பஸ் நின்று ஹாரன் அடித்தது. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தையல்காரப் பெண்கள் எல்லோரும் கையில் ஒரு சின்னத் தலையணை வைத்திருந்தார்கள். மெஷின் முன்னால் உள்ள ஸ்டூல் வெறும் இரும்பு. நாள் முழுவதும் உட்காருவதற்கு அவரவர் வீட்டில் தைத்துக்கொண்டு வந்தவை. அடுத்தவர் ஸ்டூலில் உட்காரப் போவதால் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாட்ச்மேன் எங்கே இந்த ஊர்வலம் என்று கேட்டதற்கு ருக்குமணி சொன்னாள்: "பகல்ல பொறந்த வூடு, பொழுது போனா புகுந்த வூடு. ரெண்டு பக்கமும் ஒருத்தரும் காப்பித்தண்ணி குடுக்க மாட்டீங்கறாங்க."

அரை ஷிப்ட்டுக்குக் கூலி பழைய கணக்குப்படி ஒற்றைதான், அதுவும் தனிக் கவரில். வருகைப் பதிவில் எல்லோரும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த யோசனை அவர்கள் இருவரில் யாருக்கு உதித்ததோ தெரியவில்லை.

ஜூலை 6, சனி

சம்பள நாள். கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மகளுக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லி வந்திருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

முதலாளிகள் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கருத்தரங்கு. தலைப்பு, கூலி உயர்வும் வேலைவாய்ப்பும். நம் கம்பெனிக் கணக்கை எடுத்துக் கொடுங்கள் என்றார் சென்னியப்பன். கூலி உயர்வுக்கு முன் ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், இப்போது எத்தனை. ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருக்கிறது. அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வருகைப் பதிவில் உள்ளதற்கு மேல் ஓர் எண்கூடச் சேர்க்கவில்லை.

பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

கருத்தரங்கில் பேச வந்தவன் தேவராஜன்.

எம்.ஏ.யில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். இருவரும் ஒரே கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்தினோம். நிரந்தர இடம் ஒன்று காலியானது. அப்போது நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. நான் வகுப்பில் பாடம் நடத்தாமல் மாணவர்களைப் போராட்டத்துக்குத் தூண்டுகிறேன் என்று. யாரும் என்னை விசாரிக்கவில்லை. இடம் தேவராஜனுக்குப் போனது. அந்தக் கடுதாசியை அவன்தான் எழுதினான். என்னால் நிரூபிக்க முடியவில்லை. நிரூபித்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். பெயர் போடாமல் எழுதுகிறவன் கை அழுகிப் போகும் என்று அமுதாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கல்யாணம் ஆன புதிதில் அவள் அதைக் கேட்டு என்னோடு சேர்ந்து கோபப்பட்டாள். இப்போதெல்லாம் வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறாள்.

தேவராஜன் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது, நடுவில் வெட்டிக்கொள்கின்றன. நானும் கரும்பலகையில் போட்ட படம்தான். கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலை குறையும் என்றான். ஆளைக் குறைக்காவிட்டால் நேரத்தைக் குறைப்பார்கள், இதோ இந்த ஊரிலேயே ஒரு கம்பெனியில் கால் பங்கு நேரம் குறைந்துவிட்டது, உதவி செய்ய வந்த சட்டம் ஏழையின் வருமானத்தில் கை வைத்துவிட்டது என்று என் கணக்கைக் காட்டினான். முதலாளிகள் கை தட்டினார்கள். சென்னியப்பன் எல்லோரையும்விடப் பலமாக.

கூலி ஏறினால் என்ன நடக்கும் என்பது பெரிய கேள்வி. நேர்மையாகத் தேடினால் ஓர் ஊரில் ஒரு பதிலும் இன்னோர் ஊரில் வேறொரு பதிலும் கிடைக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒரு நிமிட வேலைகூடக் குறையவில்லை. தாளில் குறைந்த நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பார்த்துவிட்டான். "டேய், நீ இங்கதான் இருக்கியா? அந்தக் கணக்கு நீ எடுத்ததாமே? ரொம்ப சுத்தமா இருந்துச்சுடா."

நாளைக்கு ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவுக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"ராத்திரி ட்ரெயின் இருக்குப்பா. அங்க என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை, நல்ல பேக்கரி இருக்கிறது என்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 19, வெள்ளி

நேற்று மாலை ருக்குமணி விழுந்துவிட்டாள்.

எதிர்க் கம்பெனியில் தையல் பகுதி மாடியில். ஏழு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரை மெஷின்களுக்கு மட்டும்தான் இணைத்திருக்கிறார்கள், படிக்கட்டுக்கு இல்லை. வெட்டிய துணிக் கட்டைச் சுமந்துகொண்டு ஏறியவள் இருட்டில் படி தவறி உருண்டிருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவள் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவரே வந்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

காலையில் எதிர்க் கம்பெனி ஆள் அவளுடைய தலையணையைக் கொண்டுவந்து எங்கள் வாட்ச்மேனிடம் கொடுத்தான். இது எங்கள் ஆளுடையது இல்லை என்றான்.

ஜூலை 20, சனி

வேலையில் அடிபட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் கை சேரும்வரை இ.எஸ்.ஐ.யிலிருந்து சம்பளத்தின் பெரும்பகுதி கிடைக்கும். கை கோணலாகச் சேர்ந்து தைக்க முடியாமல் போனாலும் அதற்கென்று மாதாமாதம் பணம் வரும். வீட்டில் விழுந்தது என்று எழுதினால் அது எதுவும் இல்லை, நோய்க்கால உதவி கொஞ்ச காலத்துக்கு வரும், அதோடு சரி.

அறிக்கையை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதுவீங்க?" என்றார் சென்னியப்பன். "ஏழு மணிக்கு அவ எங்கிட்ட வேலையில இல்லை. அஞ்சரைக்கே போயிட்டா, ரெஜிஸ்டர் சொல்லுது."

நாச்சிமுத்துவைக் கேட்டேன். அவருடைய பதிவில் ருக்குமணி என்ற பெயரே இல்லை என்றார்.

"வூட்டு பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டான்னு எழுதுங்க. கை சரியானா வேலை இருக்குன்னு நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. ஆசுபத்திரிச் செலவுக்கு நானே ஏதாச்சும் பாத்துக் குடுக்கறேன், நான் என்ன ராட்சசனா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாரே, நீங்க சொன்ன ரோசனைதான இது? இப்ப நீங்களே மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நின்னா எப்படி?"

நான் சொன்னது சட்டம். யோசனை சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ருக்குமணி வீட்டுக்குப் போனேன். ஒரு அறையும் ஒரு சமையல் தடுப்பும். கை கட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடது கையால் சாப்பிடுவதைக் கிண்டல் செய்துகொண்டே கணவர் சோறு பிசைந்து வைத்தார்.

முதலாளி சொன்னதைச் சொன்னேன். அவர் வார்த்தையில்தான் சொன்னேன், என் வார்த்தையில் இல்லை.

"நா பாத்ரூம்ல உழுகலீங்க," என்றாள். "படிக்கட்டுல உழுந்தேன். எங்கூட்டுல படிக்கட்டே இல்லை, பாருங்க."

பார்த்தேன். வாசல்கூடத் தெருவோடு சமமாக இருந்தது.

"நோட்டீஸ் படிச்சதும் நீங்கதான். எதுத்த கம்பெனிக்குப் போங்கன்னு வரிசை பிரிச்சு உட்டதும் நீங்கதான். நா எங்க உழுந்தேங்கறது மட்டும் உங்களுக்குத் தெரியாதுங்களா, சார்?"

வலியில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எழுந்துவிடலாம் என்று நினைத்தேன், எழவில்லை. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் இந்த இடமாற்றம் நின்றுவிடும், அரை ஷிப்ட் இல்லாமல் போனால் கூட வேலை செய்கிறவர்கள் உன்னைத்தான் திட்டுவார்கள் என்றேன்.

"அரை ஷிப்ட்ட எங்க கம்பெனிலயே குடுக்கச் சொல்லுங்க. எங்க மெஷின்லயே உக்காந்து செய்யறோம். அங்க ரெட்டக் கூலின்னா, ரோட்டத் தாண்டுனா ஒத்தக் கூலி. அந்த ரோட்டுக்கு அப்படி என்னங்க சக்தி?"

எம்.ஏ.யில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கேயாவது எழுதிப் போட்டால் உன் பெயர் அடிபடுமே என்றேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "போடுங்க. அடிபட்டது என்னுது, பேரும் என்னுதே இருக்கட்டும். கை போனா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் ஆரஞ்சுப் பையை இன்னும் கையிலேயே வைத்திருப்பதைக் கவனித்தேன். திரும்பிப் போய்க் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 24, புதன்

அந்தத் தலையணை வாட்ச்மேன் அறை ஜன்னலில் இன்னும் கிடக்கிறது. பழைய பாவாடைத் துணியில் தைத்தது. எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுக்கச் சொல்லி அவள் கணவரிடம் ஒப்படைத்தேன். அவர் ஆட்டோவின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனார்.

ஐந்தரைக்கு ஊர்வலம் வழக்கம்போல நடந்தது. ருக்குமணியின் இடத்தில் இன்னொரு பெண். பேக்கரிக்காரர் இப்போதெல்லாம் அந்த நேரத்துக்குக் கூடுதலாக வடை போடுகிறார்.

ஒரே நாளில் ஒரே ஆளை இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்யவிடக் கூடாது. அடுத்த பிரிவு சொல்வது அதைத்தான். அன்றைக்கு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கக்கூடிய வாக்கியம். எங்கேயாவது உபயோகப்படும் என்று வைத்திருந்தேன். இப்போது உபயோகப்படட்டும்.

ஜூலை 27, சனி

சம்பளம் போட்டு முடித்த பிறகு சென்னியப்பன் ஒரு தாளை நீட்டினார். ஜூலை 18 அன்று ஐந்தரைக்கு மேல் எங்கள் கம்பெனி ஆள் எவரும் எங்கேயும் வேலை செய்யவில்லை, ருக்குமணி தன் வீட்டில் விழுந்ததாக அவரே சொன்னார். கீழே மேனேஜர் என்று அச்சடித்து, மேலே காலி இடம்.

படித்தேன். பேனாவை மூடினேன்.

"என்னாச்சு?"

அவள் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னாளா இல்லையான்னு யாரு பாக்கறாங்க? போடுங்க வாத்தியாரே. உங்க பொண்ணுக்கு ஃபீஸ் கட்டோணுமாமா, அட்வான்ஸ் கேட்டீங்கல்ல? திங்கக்கெழம வாங்கிக்கங்க."

அட்வான்ஸ் வேண்டாம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, தாள் இங்கயே இருக்கட்டும். லீவுல நல்லா ரோசிச்சுட்டு வாங்க. திங்கக்கெழம கையெழுத்து இருக்கோணும், இல்லீன்னா அந்தச் சேர்ல வேற ஆளு இருக்கும்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பல் வலிக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. குடங்களையும் ட்ரம்மையும் நிரப்பினேன். பிறகு தொழிலாளர் துறை அதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கடிதம் நீளமாக வந்தது. வாத்தியாரே என்று கூப்பிட்டதெல்லாம் இருந்தது. தேவராஜன் இருந்தான். கருத்தரங்கில் கை தட்டியவர்கள் இருந்தார்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ருக்குமணி கடைசிப் பக்கத்தில்தான் வந்தாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம்.

எந்த வேலை நாளிலும் மாலை ஐந்தரைக்கு எங்கள் தெருப் பேக்கரி முன்னால் வந்து நில்லுங்கள். இரண்டு கம்பெனி ஆட்களும், கையில் உட்காரும் தலையணையோடு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வேலைக்குப் போவார்கள். அப்போது இரண்டு வருகைப் பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டதாக இருக்கும். இது கூடாது என்று சொல்லும் பிரிவு உங்களுக்குத் தெரியும். ஜூலை 18 அன்று அப்படிப் போன ருக்குமணி என்ற தையல் தொழிலாளி மாடிப்படியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் விழுந்ததை இரண்டு கம்பெனியும் எழுதவில்லை. எழுத வையுங்கள். அரை ஷிப்ட்டை அவரவர் கம்பெனியிலேயே சட்டப்படியான கூலிக்குக் கொடுக்க வையுங்கள். நேரம் குறைந்துவிட்டதாக யாராவது கணக்குக் காட்டினால் அதை நம்பவேண்டாம்.

அமுதா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். முழுவதும் படித்தாள். கடைசி வரிக்குக் கீழே காலியாக இருந்ததைப் பார்த்து, "பேர் போடலீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"பேர் போடாம எழுதறவன் கை அழுகிப் போகும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

அவள் வெங்காயம் உரிக்கப் போகவில்லை, அங்கேயே நின்றாள். பயமா என்று கேட்டாள். அதுவும் இருக்கிறது என்றேன்.

ஆனால் அது மட்டும் இல்லை. என் பெயரைப் போட்டால் சென்னியப்பன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார், வாத்தியாருக்கு எம்மேல கடுப்பு என்று. அது பொய்யும் இல்லை. அப்புறம் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், என் பதினாறு வருடத்தைத் துருவுவார்கள், படிக்கட்டை மறந்துவிடுவார்கள். எனக்கு எதிராக அன்று போன மொட்டைக் கடுதாசியில் போய்ப் பார்க்க எதுவும் இல்லை. இதில் ஒரு தெரு இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, முறிந்த ஒரு கை இருக்கிறது. பெயர் வேண்டுமென்றால் அவள் பெயர் இருக்கிறது. வருகிறவர் என்னை நம்ப வேண்டியதில்லை, ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றால் போதும்.

விசாரணைக்கு வந்து என்னைக் கேட்டால் மறைக்கமாட்டேன். இந்த முறை கேட்காததையும் சேர்த்துச் சொல்வேன், ஜூலை 2 முதல்.

முதலாளியின் தாள் மேஜையில் காத்திருக்கும். அதிலும் என் கையெழுத்து இருக்காது. நாளைக்கு அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

அமுதா பசை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். உறையை ஒட்டிவிட்டேன். காலையில் போகும்போது பேக்கரிக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் பெட்டியில் போடுவேன், என் பெயர் இல்லாமல்.